பொருளும் எதிர்ப்பொருளும்: ஒரு வேறுபாட்டைத் தேடிய வரலாறு

நாம் தொட்டு உணரும் பொருள் அனைத்தும் எலெக்ட்ரான், புரோட்டான், நியூட்ரான் என்னும் மூவகை நுண்துகள்களால் ஆனவை என்று பள்ளியில் படித்திருக்கிறோம். அம்மூன்றில் ஒவ்வொன்றுக்கும் ஓர் எதிர்த்துணை உண்டு என்பதை அன்றைய பாடநூல்கள் பெரும்பாலும் கூறாமலே விட்டன. நிறையில் இம்மியும் குறையாமல், மின்னூட்டத்தில் மட்டும் நேர்மாறாக அமைந்த துகளையே எதிர்த்துகள் என்கிறோம். நியூட்ரானுக்கு மின்னூட்டமே இல்லையே என வாசகர் கேட்கலாம். நியூட்ரானுக்குள் அடங்கிய குவார்க்குகளுக்கு மின்னூட்டம் உண்டு. எதிர்நியூட்ரானில் அவையே தலைகீழாகின்றன. துகளும் அதன் எதிர்த்துகளும் சந்திக்குமாயின் இரண்டும் அழிந்து ஆற்றலாகின்றன. அதுபோலவே, போதிய ஆற்றல் ஓரிடத்தில் குவியுமாயின் துகளும் எதிர்த்துகளும் இணையாகப் பிறக்கின்றன. வெறும் ஆற்றலிலிருந்து பொருள் மட்டும் தனித்துப் பிறந்ததை இதுவரை எந்த ஆய்வகமும் கண்டதில்லை.

இங்கேதான் சிக்கல் எழுகிறது. பிரபஞ்சம் பெரும் வெப்பத்தில் தொடங்கியதென்றால், அவ்வெப்பத்தில் பொருளும் எதிர்ப்பொருளும் சரிபாதியாகத் தோன்றியிருக்க வேண்டும்; குளிர்ந்தபோது ஒன்றையொன்று அழித்து ஒளியை மட்டுமே மீதம் வைத்திருக்க வேண்டும். விண்மீன்களோ, இம்மண்ணோ, இதை எழுதும் கையோ இருக்க வாய்ப்பில்லை. இருக்கின்றனவே! ஆகவே இவ்விரண்டுக்கும் இடையில் எங்கோ ஒரு வேறுபாடு இருந்தாக வேண்டும். அதைத் தேடிய கதை ஏறத்தாழ ஒரு நூற்றாண்டுக் கதை. அதையே இங்கு சொல்ல முற்படுகிறோம்.

கதையின் முதல் மாந்தர் பால் டிராக். இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகரில் 1902-இல் பிறந்தவர். பேசுவதில் மிகுந்த சிக்கனம் உடையவர். 1928-இல் எலெக்ட்ரானின் இயக்கத்தை விளக்கும் சமன்பாடு ஒன்றை அவர் கண்டறிந்தார். அச்சமன்பாடு கேட்டதற்கு மேலாகவே விடை தந்தது. எலெக்ட்ரானுக்கு உரிய விடைகளோடு, ஆற்றல் சுழிக்கும் கீழே போகும் வேறு சில விடைகளும் உடன் வந்தன. பொருந்தாத விடைகளைக் கிழித்தெறிவது கணக்கர் வழக்கம். டிராக் அவ்வாறு செய்யவில்லை. அந்தக் கீழ்நிலைகள் யாவும் எலெக்ட்ரான்களால் முன்பே நிரம்பியிருக்கின்றன என்றும், அவற்றில் ஓரிடம் காலியானால் அந்தக் காலியிடம் நமக்கு நேர்மின்னூட்டம் கொண்ட துகளாகத் தோன்றும் என்றும் கூறினார். நிரம்பிய குளத்தில் நீரில்லாத சிறு இடத்தைக் குமிழி என்று பெயரிட்டு, அது மேலே எழுவதாகச் சொல்கிறோம் அன்றோ, அதுபோல.

நேர்மின்னூட்டம் உடையதாக அன்று அறியப்பட்ட துகள் புரோட்டான் ஒன்றே. ஆகவே அந்தக் காலியிடமே புரோட்டான் என டிராக் முதலில் கருதினார். ஆனால் புரோட்டான், எலெக்ட்ரானைப்போல் ஏறத்தாழ 1,836 மடங்கு நிறையுடையது. காலியிடத்தின் நிறை எலெக்ட்ரானின் நிறைக்குச் சமமாகவே இருக்க வேண்டும் என்று ஹெர்மன் வைல் என்னும் கணிதமேதை காட்டினார். புரோட்டானே காலியிடமாயின் அணுக்கள் ஒரு கணமும் நிலைக்காமல் அழிந்துவிடும் என்று ஓப்பன்ஹைமர் எடுத்துரைத்தார். 1931-இல் டிராக் தம் கருத்தைத் திருத்திக்கொண்டு, இதுவரை எவரும் காணாத புதிய துகள் ஒன்று உண்டு என எழுதி, அதற்கு எதிர் எலெக்ட்ரான் என்று பெயரிட்டார். பொருளையும் எதிர்ப்பொருளையும் ஒப்பிட்டுப் பார்த்த முதல் தருணம் அதுவே எனலாம். அந்த முதல் ஒப்பீட்டின் முடிவு, இரண்டும் சமம் என்பதுதான்.

அடுத்த ஆண்டிலேயே அத்துகள் அகப்பட்டது. 1932 ஆகஸ்ட் 2 அன்று, கலிபோர்னியா தொழில்நுட்பக் கழகத்தில் கார்ல் ஆண்டர்சன் என்னும் 26 வயது இளைஞர், விண்வெளியிலிருந்து பொழியும் காஸ்மிக் கதிர்களை முகில் அறையில் படம் பிடித்துக்கொண்டிருந்தார். ஈரக்காற்று நிரம்பிய அந்த அறையில், மின்னூட்டம் கொண்ட துகள் சென்ற வழியெங்கும் பனித்துளிகள் கோடிட்டு நிற்கும். அறையின் நடுவே 6 மில்லிமீட்டர் தடிப்புள்ள ஈயத்தகடு. சுற்றிலும் வலிய காந்தம். தகட்டைக் கடந்த துகள் வேகம் குறைந்து அதிகமாக வளையுமாதலால், அது எத்திசையில் சென்றது என்பது புலனாகும். எந்தப் பக்கம் வளைகிறது என்பதைக் கொண்டு மின்னூட்டமும் தெரியும். படத்தில் கண்ட துகள் எலெக்ட்ரான் போலவே மெலிதாய்க் கோடிட்டு, நேரெதிர்ப் பக்கம் வளைந்திருந்தது. ஆண்டர்சன் டிராக்கின் ஏட்டைக் கையில் வைத்துக்கொண்டு தேடியவர் அல்லர். அகப்பட்டதன் பொருளை அடுத்த ஆண்டில் கேம்பிரிட்ஜைச் சேர்ந்த பிளாக்கெட்டும் இத்தாலியரான ஒக்கியலீனியும் டிராக்கின் கோட்பாட்டோடு இணைத்து உறுதிசெய்தனர். அத்துகளே பாசிட்ரான்.

இவ்விடத்தில், பலரும் மறந்துவிடும் ஒருவரை நினைவுகூர்வது முறை. சாவ் சுங்யாவ் என்னும் சீன மாணவர் அதே கழகத்தில் 1930-ஆம் ஆண்டே காமாக் கதிர்கள் ஈயத்தில் கணக்குக்கு மிஞ்சி உறிஞ்சப்படுவதைக் கண்டார். பாசிட்ரான்கள் பிறந்து அழிவதன் விளைவே அது என்பது பின்னரே தெரிந்தது. பரிசுகளின் பட்டியலில் அவர் பெயர் இல்லை.

இதெல்லாம் நம் வாழ்வுக்கு எட்டாத செய்தி என்று எண்ணிவிட வேண்டாம். பெருநகர மருத்துவமனைகளில் புற்றுநோயின் பரவலை அறிய எடுக்கப்படும் பெட் ஸ்கேன் பரிசோதனையை நம் பங்கு மக்களில் பலர் அறிவர். அப்பெயரின் முதல் எழுத்து பாசிட்ரானைக் குறிப்பது. கதிரியக்க ஃபுளூரின் 18 ஏற்றிய ஒருவகைச் சர்க்கரையை நோயாளியின் இரத்தத்தில் செலுத்துகின்றனர். பசிமிகுந்த புற்றுச் செல்கள் அதை மிகுதியாக உண்கின்றன. ஃபுளூரின் சிதைந்து பாசிட்ரானை உமிழ, அது அருகிலுள்ள எலெக்ட்ரானைச் சந்தித்து அழிய, எதிரெதிர்த் திசைகளில் இரண்டு காமாக் கதிர்கள் வெளிப்படுகின்றன. அவற்றைக் கொண்டு கட்டி இருக்கும் இடத்தைக் கருவி குறித்துக்கொள்கிறது. எதிர்ப்பொருள் ஓர் மனித உடலுக்குள் தோன்றி மறைவதை இதைவிட எளிதாக விளக்க இயலாது.

எலெக்ட்ரானுக்கு எதிர்த்துணை உண்டு என்றால் புரோட்டானுக்கும் இருக்க வேண்டும். அதைப் படைக்கவல்ல பெரிய துகள் முடுக்கி கலிபோர்னியாவின் பெர்க்லியில் அமைந்த பின், 1955-இல் செக்ரே, சேம்பர்லின் ஆகியோரின் குழு, பல்லாயிரம் பிற துகள்களுக்கிடையே மறைந்து வந்த எதிர்ப்புரோட்டானைப் பிரித்தறிந்தது. மறு ஆண்டில் எதிர்நியூட்ரானும் கிடைத்தது. இதே காலத்தில் கோட்பாட்டாளர்கள் பொதுத்தேற்றம் ஒன்றை நிறுவினர். மின்னூட்டத்தை மாற்றி, இடவலத்தைக் கண்ணாடிபோல் மாற்றி, காலத்தையும் பின்னோக்கித் திருப்பினால் இயற்கையின் விதிகள் மாறாது நிற்கும் என்பதே அது. இதன்படி துகளும் எதிர்த்துகளும் நிறையிலும் ஆயுளிலும் துல்லியமாகச் சமம். சமச்சீர்மை என்னும் மாளிகைக்குக் கூரையும் வேய்ந்தாயிற்று என அறிஞர் மகிழ்ந்த காலம் அது.

அந்த மகிழ்ச்சி நீடிக்கவில்லை. தேற்றம் மூன்று மாற்றங்களையும் ஒருசேரச் செய்யச் சொல்கிறது. ஒவ்வொன்றையும் தனித்தனியே செய்தாலும் விதிகள் மாறா என்பது எவரும் சோதித்துப் பாராத நம்பிக்கையாகவே இருந்தது. கதிரியக்கத்துக்குக் காரணமான மெல்விசையில், கண்ணாடிச் சமச்சீர்மையை எவருமே சோதித்ததில்லை என்று சுங்தாவ் லீ, சென்நிங் யாங் என்னும் இரு சீன அறிஞர் அமெரிக்காவிலிருந்து 1956-இல் சுட்டிக்காட்டினர்.

சோதிக்க முன்வந்தவர் ஒரு பெண்மணி. சியன்ஷியுங் வூ அம்மையார் 1936-இல் சீனாவை விட்டு வந்தவர். கொலம்பியா பல்கலைக்கழகத்தில் பேராசிரியர். கணவரோடு ஐரோப்பாவுக்கும் கீழ்த்திசை நாடுகளுக்கும் செல்லக் கப்பலில் இடம் பதிவாகியிருந்தது. தம் பயணத்தை விடுத்துக் கணவரை மட்டும் அனுப்பிவைத்தார். வாஷிங்டனில் உள்ள தேசிய அளவைநிலையத்தில், கோபால்ட் 60 அணுக்களைத் தனிச்சுழிக்கு ஏறத்தாழ நூறில் ஒரு பாகை அளவே மேலாகக் குளிர்வித்து, காந்தத்தால் அனைத்தையும் ஒரே பக்கம் சுழலும் பம்பரங்கள்போல் வரிசைப்படுத்தினார். பம்பரத்தின் மேற்புறமும் கீழ்ப்புறமும் எலெக்ட்ரான்கள் சம எண்ணிக்கையில் வெளிப்பட வேண்டும். இல்லையேல் இயற்கை இடத்தையும் வலத்தையும் வேறுபடுத்துகிறது என்றே பொருள். ஒரு புறம் மிகுதியாகவே வெளிப்பட்டன! 1957 ஜனவரியில் முடிவு அறிவிக்கப்பட்டது. அதே நாள்களில், ஆண்டவர் வலிமை குன்றிய இடக்கையர் என்பதைத் தம்மால் நம்ப இயலாது என நண்பருக்கு எழுதியிருந்த வோல்ஃப்காங் பவுலி தலைகுனிய நேர்ந்தது. அவ்வாண்டின் நோபல் பரிசு லீக்கும் யாங்குக்கும் சென்றது. வூ அம்மையாருக்கு இல்லை. கேள்வி கேட்டோர்க்குப் பரிசளித்து, விடை கண்டவரை விட்டது நீதியன்று என்பதே நம் கருத்து. 1973-இல்தான் அவரால் தாய்நாட்டில் கால்வைக்க முடிந்தது. அதற்குள் பெற்றோர் காலமாகியிருந்தனர்.

கூரை ஒழுகத் தொடங்கியதும் அறிஞர் அடுத்த அறைக்கு ஒதுங்கினர். கண்ணாடியில் பார்ப்பதோடு நிறுத்தாமல், துகளை எதிர்த்துகளாகவும் மாற்றிவிட்டால் சமச்சீர்மை மீண்டுவிடும் என்று ருஷிய நாட்டு லாண்டாவ் 1957-இல் முன்மொழிந்தார். வலக்கைப் பொருளின் உண்மையான கண்ணாடி பிம்பம் இடக்கை எதிர்ப்பொருளே என்பது இதன் சுருக்கம். அழகான கருத்து. ஏழாண்டு தாக்குப்பிடித்தது.

அதை வீழ்த்திய துகளின் பெயர் கே-மேசான். 1947-இல் மான்செஸ்டரில் காஸ்மிக் கதிர்ப் படங்களில் அறியப்பட்ட இத்துகளின் மின்னூட்டமற்ற வகை விசித்திரமானது. துகளும் எதிர்த்துகளும் வேறுவேறானவை. ஆயினும் ஒன்று தானாகவே மற்றொன்றாக மாறவல்லது. எனவே நாம் காண்பது இரண்டும் கலந்த கலவைகளையே. ஒரு கலவை விரைவில் மடிந்து இரண்டு பையான்களாகப் பிரியும். மற்றது ஏறத்தாழ அறுநூறு மடங்கு நெடிய ஆயுளோடு வாழும். அது பையான்களாக மட்டும் பிரியும்போது மூன்றாகப் பிரியும். லாண்டாவின் சமச்சீர்மை முழுமையானதாயின், நெடுவாழ்வுடைய கலவை இரண்டு பையான்களாகப் பிரிய ஒருபோதும் அனுமதியில்லை. லட்சத்தில் ஒன்றுகூட கூடாது.

நியூயார்க் அருகே புரூக்ஹேவன் ஆய்வகத்தில் 1963-இல் ஜேம்ஸ் குரோனின், வால் ஃபிட்ச் ஆகியோர், கிறிஸ்டென்சன் என்னும் மாணவரோடும் டுர்லே என்னும் பிரெஞ்சு அறிஞரோடும் கே-மேசான் கற்றை ஒன்றை ஆராய்ந்தனர். கற்றை பிறந்த இடத்திலிருந்து ஏறத்தாழ 17 மீட்டர் தொலைவில் கருவிகளை வைத்தனர். குறுவாழ்வுக் கலவை அவ்வளவு தூரம் பிழைத்து வராது; வருவன யாவும் நெடுவாழ்வுடையனவே. சமச்சீர்மையைக் கவிழ்ப்பது அவர்களுடைய நோக்கமன்று. அது எவ்வளவு துல்லியமாக நிற்கிறது என்பதற்கு மேலும் நெருக்கமான எல்லை வகுப்பதும் நோக்கங்களுள் ஒன்று. 22,700 சிதைவுகளை எண்ணிப் பார்த்தபோது, கூடாதென்ற இரட்டைப் பையான் சிதைவு ஏறத்தாழ 45 முறை நிகழ்ந்திருந்தது. ஆயிரத்தில் இரண்டு. கருவியின் கோளாறு என்று ஒதுக்க மாதக்கணக்கில் முயன்றும் அந்த 45 அசையவில்லை. 1964 ஜூலையில் கட்டுரை வெளிவந்தது. பொருளும் எதிர்ப்பொருளும் எடையிலும் ஆயுளிலும் ஒத்தவை. ஆனால் சிதையும் விதத்தில் ஒத்தவை அல்ல என்பது முதன்முறையாக மெய்ப்பிக்கப்பட்டது.

இதன் ஆழத்தை உணர ஒரு கற்பனை உதவும். என்றும் சந்திக்க இயலாத தொலைவிலுள்ள உலகத்தவருக்குச் செய்தி அனுப்புகிறோம் என்று கொள்வோம். நாம் பொருளால் ஆனவர்கள். நீங்கள் எதனால் ஆனவர்கள்? பொருள் என்றால் எது என்பதை எப்படி விளக்குவது? எம் அணுவின் நடுவே நேர்மின்னூட்டம் என்போம். எமக்கும் அப்படித்தான் என்பார்கள். அவர்கள் எதை நேர் என்கிறார்களோ அறியோம். 1964-க்கு முன் இதற்கு வழியே இல்லை. இன்று உண்டு. நெடுவாழ்வுடைய கே-மேசான் சிதையும்போது பாசிட்ரானும் வரலாம், எலெக்ட்ரானும் வரலாம். ஆயிரம் சிதைவுகளில் பாசிட்ரான் எலெக்ட்ரானைவிட ஏறத்தாழ மூன்று மிகுதி. ஆகவே, மிகுதியாக வரும் அந்த மெல்லிய துகள் உம் அணுவைச் சுற்றுவதா, அல்லது அதற்கு எதிரானதா என்று கேட்டால் போதும். எதிரானது என்றால் நம் இனத்தவர். சுற்றுவதே என்றால், அவர்கள் விருந்துக்கு வர இசைந்தாலும் கைகுலுக்காமல் இருப்பது இருவர்க்கும் நலம்.

இக்கண்டுபிடிப்பின் அண்டப் பொருளை முதலில் எழுதிவைத்தவர் சோவியத் நாட்டு ஆந்திரேய் சகாரோவ். ஹைட்ரஜன் குண்டைச் செய்தவர்களுள் ஒருவர். மனித உரிமைக்காகக் குரல் கொடுத்துப் பின்னாளில் அமைதிக்கான நோபல் பரிசு பெற்றவர். அதற்காகவே நாட்டுக்குள் நாடுகடத்தப்பட்டவர். 1965-இல் பிரபஞ்சமெங்கும் பரவிய தொன்மையான ஒளி கண்டறியப்பட்டிருந்தது. அவ்வொளித் துகள்களை எண்ணினால், ஒவ்வொரு புரோட்டானுக்கும் நூறு கோடிக்கு மேல் தேறுகின்றன. அதாவது தொடக்கத்தில் நூறு கோடி எதிர்த்துகள்களுக்கு நூறு கோடியே ஒன்று என்ற விகிதத்தில் துகள்கள் இருந்தன. நூறு கோடியும் நூறு கோடியும் அழிந்து ஒளியாக, எஞ்சிய அந்த ஒன்றுகளின் தொகுப்பே நாம் காணும் விண்ணும் மண்ணும். சகாரோவ் 1967-இல், இந்தச் சிறு மிகுதி பிறக்க மூன்று நிபந்தனைகள் தேவை என்றார். அணுக்கருத் துகள்களின் மொத்த எண்ணிக்கை மாறக்கூடியதாக வேண்டும். பொருளையும் எதிர்ப்பொருளையும் விதிகள் வேறுபடுத்த வேண்டும். பிரபஞ்சம் சமநிலை தவறிய கட்டம் ஒன்று இருந்திருக்க வேண்டும். புரூக்ஹேவன் சோதனை இரண்டாவதற்குச் சான்று.

அச்சான்று போதுமா? 1973-இல் கோபயாஷி, மஸ்கவா என்னும் இரு ஜப்பானிய இளைஞர், மூன்று குவார்க்குகளே அறியப்பட்டிருந்த நாளில், ஆறு குவார்க்குகள் இருந்தால் இவ்வேறுபாடு இயல்பாகவே விளையும் என்று துணிந்து எழுதினர். ஆறாவது குவார்க் 1995-இல் அகப்பட்டது. 2001-இல் ஸ்டான்ஃபோர்டிலும் ஜப்பானின் சுகுபாவிலும் பி-மேசான்களில் அவர்கள் கூறிய வேறுபாடு காணப்பட, 2008-இல் நோபல் பரிசு பெற்றனர். 2025-இல் ஜெனிவா அருகேயுள்ள செர்ன் ஆய்வகம், புரோட்டானின் இனத்தைச் சேர்ந்த கனத்த துகள் ஒன்றிலும் ஏறத்தாழ 2.5 விழுக்காடு வேறுபாட்டைக் கண்டது. மேசான்களில் மட்டுமே கண்டுவந்தது நம் உடலை ஆக்கும் துகள்களின் உறவினத்திலும் தெரிந்தது அதுவே முதல் முறை. ஆயினும் கணக்குத் தீரவில்லை. இவ்வேறுபாடுகள் யாவற்றையும் கூட்டினாலும், அந்த நூறு கோடியில் ஒன்றை விளைவிக்கத் தேவையானதைவிடப் பல கோடி மடங்கு குறைவாகவே தேறுகிறது. நாம் இருப்பதற்கான காரணம் இன்னும் கண்டறியப்படவில்லை.

இத்தகைய இடைவெளியைக் கண்டதும் அங்கே இறைவனின் கைரேகை தெரிகிறது என்று மறையுரையில் முழங்கும் ஆசை நம் போன்றோர்க்கு எழுவதுண்டு. அதை அடக்கிக்கொள்வது நல்லது என்பதை நமக்குக் கற்பித்தவரும் ஒரு குருவே. பெல்ஜியம் நாட்டு அருட்தந்தை ஜார்ஜ் லெமேத்தர், டிராக் எதிர் எலெக்ட்ரானை முன்மொழிந்த அதே 1931-இல், பிரபஞ்சம் ஓர் ஆதி அணுவிலிருந்து வெடித்துப் பரந்தது என எழுதினார். 1951-இல் திருத்தந்தை பன்னிரண்டாம் பயஸ் அக்கோட்பாட்டைப் படைப்புக்குச் சான்றுபோல் எடுத்துப் பேசியபோது லெமேத்தர் மகிழவில்லை, கவலையுற்றார். தம் கோட்பாடு சமய வினாக்களுக்கு வெளியே நிற்பது என்பதே அவர் நிலை. பின்னர் அவர் திருத்தந்தையின் அறிவியல் கழகத் தலைவரானார்; சமயத்தில் பிடிப்பற்ற டிராக்கும் 1961-இல் அக்கழகத்தில் உறுப்பினரானார். அண்டவியலே சமயத்துக்கு மிக நெருங்கிய அறிவியல் அன்றோ என டிராக் கேட்க, லெமேத்தர் சற்றே சிந்தித்து, இல்லை, உளவியல் என்றாராம். நாளை ஆய்வகம் அடைக்கப்போகும் இடைவெளியில் இன்று ஆண்டவரைக் குடியேற்றினால், நாளை அவரை எங்கே அனுப்புவது?

எனவே ஆய்வாளர் அளந்துகொண்டே இருக்கின்றனர். 1995-இல் செர்ன் ஆய்வகத்தில் ஒன்பது எதிர்ஹைட்ரஜன் அணுக்கள் முதன்முதலாக ஆக்கப்பட்டன. ஒளியின் வேகத்தை நெருங்கி ஓடி, ஒரு நொடியின் கோடியில் ஒரு பங்குகூட நிலைக்காமல் மறைந்தன. 2010-இல் காந்தக் கூண்டில் அவற்றைப் பிடித்துவைக்கக் கற்றனர். மறு ஆண்டில் 1,000 நொடி நிறுத்திவைத்தனர். 2018-இல் எதிர்ஹைட்ரஜன் உறிஞ்சும் ஒளியின் நிறத்தை, ஒரு லட்சம் கோடியில் இரண்டு பங்கு துல்லியம்வரை அளந்தனர். ஹைட்ரஜனிலிருந்து வேறுபாடில்லை. 2022-இல் எதிர்ப்புரோட்டானின் மின்னூட்டத்துக்கும் நிறைக்கும் உள்ள விகிதத்தை லட்சம் கோடியில் 16 பங்கு துல்லியம்வரை அளந்தனர். வேறுபாடில்லை. எதிர்ப்பொருள் கீழே விழுமா, மேலே எழுமா என்ற கேள்விக்கும் 2023 செப்டம்பரில் விடை கிடைத்தது. நிமிர்த்திய கூண்டைத் திறந்தபோது எதிர்ஹைட்ரஜன் பெரும்பாலும் கீழேயே விழுந்தது. பொருள் விழும் அதே முடுக்கத்தில்தானா என்று உறுதியாகச் சொல்ல இன்னும் நுட்பமான அளவீடு வேண்டும்.

இன்னும் நுட்பமாக அளக்கவோ, செர்ன் கூடத்தின் முடுக்கிகள் எழுப்பும் காந்த அதிர்வுகளே தடையாக நிற்கின்றன. எனவே எதிர்ப்புரோட்டான்களைக் காந்தக் கூண்டோடு அமைதியான வேறோர் ஆய்வகத்துக்கு எடுத்துச்செல்லத் திட்டமிட்டனர். அதற்கு ஒத்திகையாக 2024 அக்டோபரில், 70 புரோட்டான்களைக் குளிர்ந்த வெற்றிடக் கூண்டில் அடைத்து, லாரியில் ஏற்றி, ஆய்வக வளாகத்தின் சாலைகளில் ஓட்டிப் பார்த்தனர். திரும்பி வந்து எண்ணியபோது புரோட்டான்கள் கூண்டிலேயே இருந்தன.